கடலோர வீட்டில் குட்டி கேமிங் பிசி: உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாம்பன் பழைய ரயில் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓடுவது நின்றுபோனது. இரும்பை உப்பு அரித்ததுதான் முக்கியக் காரணம். பக்கத்திலேயே எழுந்து, 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு என்று தனிக் கவனம் எடுத்துக்கொண்டார்கள்.

"பாலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கலாம். காற்று ஒன்றுதான். பாலத்தைத் தொட்ட அதே காற்றைத்தான் உங்கள் கேமிங் பிசியின் ஃபேன்கள் நாள் முழுக்க உள்ளே இழுத்து, கிராபிக்ஸ் கார்டின் மேல் ஊதிக்கொண்டிருக்கும். பாலத்துக்குப் பூச்சு உண்டு. வீட்டு உபயோக மதர்போர்டுக்கு அப்படி ஈரம் தடுக்கும் பூச்சு பொதுவாகக் கிடையாது.

ராமேசுவரம், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, மூக்கையூர் என்று இந்தக் கரை முழுக்க வீடியோ எடுக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற யூடியூப் சேனல்கள் படகிலிருந்தே உலகம் முழுக்கப் பார்வையாளர்களைச் சேர்த்திருக்கின்றன. பகலில் அலுவலக வேலை, இரவில் எடிட்டிங், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கேம் என்று ஒரே இயந்திரத்தில் மூன்றையும் செய்ய நினைப்பவர்கள், இடத்தை அடைக்காத சிறிய பிசியைத் தேடுகிறார்கள். ஆனால், இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை ஏசி போட்ட, கடல் எட்டாத ஊர்களை மனதில் வைத்தவை. ஒரு லட்சத்துக்கு மேல் செலவு செய்து வாங்கும் பொருள், உத்தரவாதம் முடிவதற்குள் உப்பரித்துப் போனால் நஷ்டம் முழுக்க நம் தலையில். அதனால், நம்ம ஊருக்கு ஏற்ற மாதிரி பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

உப்புக் காற்று உள்ளே போய் என்ன செய்கிறது?

அலை உடையும்போது தெறிக்கும் மிக நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் மிதந்து வருகின்றன. நீர் காய்ந்தாலும் உப்புத் துகள் மிஞ்சும். அது பலகையின் மேல் படிந்த பிறகு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சாதாரணச் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசவென்று ஆவது இதனால்தான். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். அதாவது, நமக்கு 'காய்ந்த நாள்' என்று தோன்றும் நாளிலும் அந்தப் படலம் முழுசாகக் காய்வதில்லை.

உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். மதர்போர்டில் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே இந்தப் படலம் பாலம் போட்டால் மின்கசிவு, அப்புறம் பச்சை நிற உப்பரிப்பு, கடைசியில் "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு, இன்னைக்கு ஆன் ஆகலை" என்ற நிலை.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஓடுகிற பிசி சூடாக இருப்பதால் அதன் உள்ளே காற்று உலர்ந்துதான் இருக்கும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, பெட்டிக்குள் 40 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 46 சதவீதமாக இறங்கிவிடும். அதனால் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடும் இயந்திரத்தைவிட, வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் இயந்திரத்துக்குத்தான் ஆபத்து அதிகம்.

உப்பு படிவது கடலிலிருந்து தள்ளிப்போகப் போகச் சட்டென்று குறையும். முதல் சில நூறு மீட்டர்தான் மோசம். ராமேசுவரம் தீவிலோ மண்டபம் கரையிலோ இருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரியையும் பின்பற்றலாம். ராமநாதபுரம் நகருக்குள் இருப்பவர்கள் பாதியைப் பின்பற்றினால் போதும். பரமக்குடிக்காரர்களுக்குத் தூசியும் வெயிலும்தான் முதல் கவலை.

குட்டி என்றால் எவ்வளவு குட்டி?

பிசி பெட்டிகளை லிட்டரில் அளப்பார்கள். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். சிறிய பிசி என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் அந்தக் கேனுக்குள் அடங்கும் அளவுதான். கூலர் மாஸ்டரின் என்ஆர்200பி என்ற பிரபலமான பெட்டி 18.25 லிட்டர். ஃப்ராக்டல் டெர்ரா சுமார் 10 லிட்டர். வழக்கமான டவர் பெட்டி 40 லிட்டருக்கு மேல் போகும்.

இந்தச் சிறிய பெட்டிகளுக்கு மினி ஐடிஎக்ஸ் என்ற 17 செ.மீ. சதுர மதர்போர்டு வேண்டும். பவர் சப்ளையும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய வகையாக இருக்க வேண்டும். இரண்டுமே அதே தரத்திலுள்ள பெரிய பாகங்களைவிட விலை அதிகம். இடம் உண்மையிலேயே பிரச்சினை இல்லையென்றால், 24.4 செ.மீ. சதுரமுள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்குப் போங்கள். மிச்சமாகும் பணத்தை கிராபிக்ஸ் கார்டிலோ யுபிஎஸ்ஸிலோ போடலாம்.

பத்து லிட்டர் பெட்டி பார்க்க அழகாக இருக்கும். ஆனால், ஏசி இல்லாத அறையில் மே மாதம் அறை வெப்பமே 34, 35 டிகிரி. அந்தக் காற்றை வைத்துக் குளிர்விக்க ஃபேன் முழு வேகத்தில் சுழல வேண்டும். வேகமாகச் சுழன்றால் அதிகக் காற்று, அதிகக் காற்று என்றால் அதிக உப்பு. அதனால் நம்ம கடற்கரைக்கு 15 முதல் 20 லிட்டர் வரையிலான பெட்டி சரியான நடுவழி. 120 மி.மீ. ஃபேன்கள் மெதுவாகச் சுழன்றாலே போதும்.

முதலில் கிராபிக்ஸ் கார்டை முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். பெட்டியின் நீளம், பவர் சப்ளையின் திறன், அறையில் ஏறும் சூடு எல்லாம் கார்டைப் பொறுத்தவை.

கேமும் எடிட்டிங்கும் கலந்து செய்பவர்களுக்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ அல்லது ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வரிசை பொருத்தம். முதலாவது 180 வாட், இரண்டாவதன் 16 ஜிபி பதிப்பு 160 வாட் எடுக்கும். இரண்டுமே 2025-ல் வந்தவை. இரண்டிலும் ஒரு பொறி இருக்கிறது: ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு பதிப்புகள். கடையில் "5060 டிஐ தானே?" என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அட்டைப்பெட்டியில் 16 ஜிபி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 4கே வீடியோவில் கலர் கரெக்‌ஷன், இரைச்சல் நீக்குதல் போன்றவற்றை அடுக்கும்போது 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். புதிய கேம்களும் அப்படியே.

வேலொரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியான கேம்கள் மட்டும்தான், எடிட்டிங்கும் 1080பி அளவில்தான் என்றால் 145 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 5060 போதும். எடிட்டிங்கை வருமானமாகப் பார்ப்பவர்கள் என்விடியா பக்கம் போவது பாதுகாப்பு. பல எடிட்டிங், 3டி மென்பொருள்கள் அதன் குடா தொழில்நுட்பத்தை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

250 வாட்டுக்கு மேல் எடுக்கும் கார்டுகளைச் சிறிய பெட்டியில், ஏசி இல்லாத கடலோர அறையில் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. வாங்கிவிட்டீர்கள் என்றால், ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறையுங்கள். வேகத்தில் சில சதவீதம்தான் போகும். சூடும் சத்தமும் நன்றாகக் குறையும்.

கார்டின் நீளத்தை மி.மீ. கணக்கில் குறித்துக்கொண்டு, பெட்டியின் விவரக்குறிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டு ஃபேன் உள்ள கார்டுகள் பெரும்பாலும் 250 மி.மீ.க்குள் முடியும். தடிமனையும் பார்க்க வேண்டும். பல சிறிய பெட்டிகளில் நீளம் பொருந்தினாலும் தடிமன் இடிக்கும்.

பிராசஸர்: இன்டெலா, ஏஎம்டியா?

உங்கள் கேமராவைப் பொறுத்தது. போனிலும் கோப்ரோவிலும் எடுக்கும் வீடியோக்களை இன்றைய எந்த நல்ல கிராபிக்ஸ் கார்டும் சிரமமில்லாமல் ஓட்டிவிடும். சோனி, கேனன் போன்ற மிரர்லெஸ் கேமராக்களில் 4:2:2 10 பிட் என்ற முறையில் எடுப்பவர்களுக்குத்தான் சிக்கல். இந்த வகைக் கோப்புகளை ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான கார்டுகள் நேரடியாகக் கையாளாது. டைம்லைன் திக்கித் திணறும். இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் குவிக் சிங்க் இதைச் செய்யும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலும் இந்த வசதி வந்துவிட்டது. ஆக, 50 வரிசை கார்டு வாங்கினால் பிராசஸர் விஷயத்தில் கவலைப்பட வேண்டாம். பழைய கார்டை வைத்துச் சமாளிப்பவர்கள் இன்டெல் பக்கம் போகலாம்.

இன்டெல் வாங்கும்போது மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. குவிக் சிங்க்கும் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் என்று அதை வாங்கினால், கிராபிக்ஸ் கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போகும் மாதத்தில் திரையில் படமே வராது. சர்வீஸ் சென்டர் மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம்.

ஏஎம்டியில் ரைசன் 5 9600எக்ஸ், ரைசன் 7 9700எக்ஸ் இரண்டும் 65 வாட் வகை. முழு வேலையில் சுமார் 88 வாட் எடுக்கும். சிறிய பெட்டிக்கு இது பெரிய நிம்மதி. எட்டு கோர் உள்ள 9700எக்ஸ் எடிட்டிங்குக்கு நல்லது. கேம்தான் பிரதானம் என்றால் ஆறு கோர் போதும். இவை பொருந்தும் ஏஎம்5 மதர்போர்டில் பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ராம், எஸ்எஸ்டி: இப்போது ஏன் இவ்வளவு விலை?

2025-ன் கடைசியில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போவதுதான் காரணம். க்ரூஷியல் என்ற பெயரில் ராம், எஸ்எஸ்டி விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன பட்ஜெட்டை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். வாங்குகிற வாரத்து விலையைக் கேட்டுக் கணக்கு போடுங்கள்.

ஐடிஎக்ஸ் போர்டில் ராமுக்கு இரண்டே இரண்டு இடங்கள். "இப்போ 16 ஜிபி, அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று 8 ஜிபி இரண்டு போட்டால், பின்னால் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். எடிட்டிங்குக்கு 32 ஜிபி குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் 16 ஜிபி இரண்டாக வாங்குங்கள். பணம் இப்போது இல்லையென்றால் 16 ஜிபி ஒன்றை மட்டும் போட்டு, விலை இறங்கும்போது அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், பணம் வீணாகாது.

ஸ்டோரேஜ் கணக்கு எளிது. விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. விடியற்காலை கடலுக்குப் போய் நான்கு மணி நேரம் எடுத்தால் 180 ஜிபி. விண்டோஸுக்கும் கேமுக்கும் 1 டிபி எஸ்எஸ்டி, எடிட்டிங் கோப்புகளுக்கு இன்னொரு எஸ்எஸ்டி என்று பிரித்து வைப்பது நல்லது. பிசிஐஇ 4.0 வகை போதும். 5.0 வகை சூடாகும், விலையும் அதிகம். எடிட்டிங்கில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. முடிந்த வேலைகளை வெளியில் வைக்கும் ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, பிசி இருக்கும் அறையில் வைக்காமல் பீரோவுக்குள் வையுங்கள்.

கூலர், பெட்டி: உப்போடு நேரடியாக மோதும் பாகங்கள்

கூலரில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கும். அதனால் வெறும் செம்பு தெரியும் கூலரைத் தவிர்த்து, குழாய், தகடு இரண்டிலும் நிக்கல் பூச்சு உள்ளதை வாங்குங்கள். விவரக்குறிப்பில் இது எழுதியிருக்கும். கறுப்பு நிறப் பூச்சு உள்ள மாடல்கள் இன்னும் நல்லது.

"வாட்டர் கூலிங் போட்டா கெத்தா இருக்குமே?" இருக்கும்தான். ஆனால், அதன் ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் உப்புக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் இருக்கும். பம்பு நின்றுபோனால் இயந்திரமே நின்றுபோகும். 88 வாட் பிராசஸருக்கு அது தேவையே இல்லை. ஏர் கூலரில் கெட்டுப்போகக்கூடியது ஒரு ஃபேன் மட்டும்தான். அதை உள்ளூர் கடையிலேயே வாங்கி மாற்றிவிடலாம்.

பெட்டியில் பவுடர் கோட்டிங் செய்த இரும்பு அல்லது ஆனோடைஸ் செய்த அலுமினியம் பாருங்கள். மலிவான பெட்டிகளில் வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். உள்பக்க விளிம்பும் ஸ்குரூ துளையும் பூச்சில்லாமல் இருக்கும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். கடையில் மூடியைக் கழற்றி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்.

தூசி வலை உப்பைத் தடுக்குமா? தடுக்காது. உப்புத் துகள் வலையின் ஓட்டையைவிடப் பல மடங்கு சின்னது. ஆனாலும் வலை வேண்டும். தூசி படிந்தால் அதுவே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உபயோகிக்காத யுஎஸ்பி, எச்டிஎம்ஐ துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டுவிடுங்கள். சில நூறு ரூபாயில் ஒரு செட் கிடைக்கும்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கும் மாவட்டம்தான் இது. இருந்தாலும் காற்று வீசும் நாளில் வீட்டு விளக்கு மினுக்குவது நமக்குப் புதிதில்லை.

மேலே சொன்ன பாகங்களைக் கூட்டினால் பிராசஸர் 88, கார்டு 180, மற்றவை சுமார் 60 என 330 வாட் அருகில் வரும். 650 வாட் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை, கோல்டு தரச் சான்றோடு வாங்கினால் போதும். பாதிச் சுமையில் ஓடுவதால் சூடு குறைவு. சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கும் மாடல் என்றால் உள்ளே போகும் உப்பும் குறையும்.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் பல மாடல்களில் 360 வாட்தான் தரும். 1 கேவிஏ என்பது 600 வாட் அளவில் இருக்கும். மானிட்டரையும் சேர்த்தால் நமக்கு 1 கேவிஏ தேவை. இது ஐந்து, பத்து நிமிடத்துக்குள் வேலையைச் சேமித்து மூட மட்டுமே. மணிக்கணக்கில் ஓட்டுவதற்கு அல்ல.

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே, அது போதாதா?" பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கரண்ட் போன பிறகு கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தாக்குப்பிடிக்கும் நேரம் சுமார் 16 மில்லி விநாடி. நார்மல் மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகலாம். பிசி அணைந்துவிடும். யுபிஎஸ் மோடில் வைத்துப் பாருங்கள். ப்யூர் சைன் வேவ் வகையாக இருந்தால் நல்லது.

எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். பெட்டியைத் தொட்டால் லேசாக 'சுர்' என்று இழுத்தால், அது பழகிப்போக வேண்டிய விஷயம் இல்லை.

கரண்ட் பில்? 350 வாட்டில் தினமும் 4 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். வீட்டு மொத்தக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி இருப்பவர்கள் கவனிக்கவும். அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

எங்கே வைப்பது, எப்படிப் பராமரிப்பது?

கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் பக்க ஜன்னலும், வாடை வீசும் மாதங்களில் வடகடல் பக்க ஜன்னலும் உப்பைக் கொண்டுவரும். பிசியை எந்த ஜன்னலுக்கும் நேராக வைக்காதீர்கள். உள்சுவர் ஓரமாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

தரையில் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் 20-ம் தேதி பெய்த மழையில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பதிவானது. பிளக் பாயின்ட் நீட்டிப்புப் பலகையையும் யுபிஎஸ்ஸையும் சேர்த்தே மேசைக்கு மேல் ஏற்றுங்கள்.

ஏசி அறை என்றால் ஈரப்பதம் தானாகக் குறையும். ஆனால், ஏசி அறையில் சில்லென்று இருந்த பிசியையோ கேமராவையோ சட்டென்று வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் வியர்க்கும். அரை மணி நேரமாவது கழித்து ஆன் செய்யுங்கள். ஊருக்குப் போகும்போது பிசியைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டுவதாக இருந்தால், நன்றாக ஓடிக் காய்ந்து ஆறிய பிறகு, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள் போட்டுக் கட்டுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மெல்லிய பிரஷ்ஷாலும் ஊதியாலும் தூசியைத் தட்டுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ராமின் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்ம ஊர் கடைகளில் சாதாரணம். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. திரும்பத் திரும்பத் தேய்த்தால் உரிந்து, அடியிலுள்ள உலோகம் உப்புக்கு இரையாகும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, முழுசாகக் காயவிடுங்கள்.

மதர்போர்டுக்கு ஈரம் தடுக்கும் ஸ்பிரே அடிக்கலாமா? தொழிற்சாலைகளில் அடிக்கிறார்கள். வீட்டில் நாமே அடித்தால் சாக்கெட்டுகளுக்குள் போய்த் தொடர்பைக் கெடுக்கும், உத்தரவாதமும் போய்விடும். வேண்டாம்.

எங்கே வாங்குவது? உத்தரவாதம் என்ன சொல்கிறது?

மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். மூன்று வருடம் கழித்து சர்வீஸுக்குப் போகும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

பணம் கொடுக்கும் முன் உத்தரவாத விதிகளில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். துரு, உப்பரிப்பு, திரவச் சேதம் ஆகியவை பல நிறுவனங்களின் உத்தரவாதத்தில் சேராது. கார்டில் ஒரு மூலையில் பச்சைப் புள்ளி தெரிந்தாலே, பழுதுக்குக் காரணம் வேறாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. அதனால் வாங்கிய அன்றே எல்லாப் பாகங்களையும் படம் எடுத்து வையுங்கள். பாகங்களில் ஏதாவது நின்று நின்று வேலை செய்தால் "பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளாமல் உடனே அனுப்புங்கள்.

சிறிய பிசியின் பெரிய லாபம் இங்கேதான். பழுது என்றால் முழு இயந்திரத்தையும் ஒரு பையில் போட்டு மதுரை பஸ்ஸிலோ தாம்பரம் ரயிலிலோ எடுத்துப்போகலாம். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றிவிட்டுக் கிளம்புங்கள். குலுக்கலில் அதன் எடை ஸ்லாட்டை உடைத்துவிடும்.

லேப்டாப்போ மேக் மினியோ வாங்கிவிட்டால் என்ன?

தப்பே இல்லை. எடிட்டிங் மட்டும்தான், கேம் முக்கியமில்லை என்றால் 2024 நவம்பரில் வந்த எம்4 மேக் மினி 12.7 செ.மீ. சதுரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடும். மின்சாரமும் மிகக் குறைவு. ஆனால், மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது. ஊர் ஊராகப் போய் வேலை செய்பவர்களுக்கு கேமிங் லேப்டாப்தான் வழி. ஒரு பாகம் உப்பரித்தாலும் பெரும்பாலும் முழுப் போர்டையே மாற்றச் சொல்வார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பிசியில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம். உப்புக் காற்றில் வாழ்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபாருங்கள்

* கார்டின் நீளம், தடிமன், கூலரின் உயரம் மூன்றும் பெட்டியின் அளவுக்குள் வருகிறதா?
* கார்டின் அட்டைப்பெட்டியில் 16 ஜிபி என்று தெளிவாக இருக்கிறதா?
* பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் வகைதானா, கார்டுக்குத் தேவையான கேபிள் அதில் உண்டா?
* கூலருக்கு நிக்கல் பூச்சு உண்டா?
* ராம் 32 ஜிபியை எட்ட வழி இருக்கிறதா?
* யுபிஎஸ்ஸின் வாட் எண், உங்கள் மொத்தத் தேவையைவிட அதிகமா?
* உத்தரவாதத்தில் துரு பற்றி என்ன எழுதியிருக்கிறது?
* வீட்டில் ஜன்னலுக்கு நேராக இல்லாத, தரைக்கு மேலே உயர்ந்த ஓர் இடம் தயாரா?

கடைசிக் கேள்விக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இந்தக் கரையில் ஒரு பிசி எத்தனை வருடம் உழைக்கும் என்பதை முடிவு செய்வதில் அதற்குத்தான் பெரிய பங்கு. இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும் பெட்டியைத் தேடுங்கள்.